வீரணன் மேடு

தையல்காரர் காதர் மைதீன் டிப்பர் லாரியில் அடிபட்டு இறந்த மூன்றாம் நாள் காலை, வீட்டில் பாத்திஹா ஓதி முடிவதற்குள், அவர் விழுந்துகிடந்த இடத்தில் தார்ச்சாலை இட்லி மாவுபோல மெல்லப் பொங்கி, ஏழு மணிக்குள் ஒரு மேடாக எழுந்து நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே முப்பத்திரண்டு அடி நீளம், ஒன்பது அங்குலம் உயரம். நடுவில் ஐந்தடி நாலு அங்குலத்துக்கு மட்டும் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த சாயல். அவருடைய இடது முழங்கால் எப்படி மடங்கிக் கிடந்ததோ அப்படியே அந்த இடத்தில் மேடும் மடங்கியிருந்தது.

மணக்கரடு நகராட்சிப் பொறியாளர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தார். யார் போட்டது என்று கேட்டார். யாரும் போடவில்லை என்றார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரன் நெற்றியைப்போலச் சுட்டது. நோட்டில் "அனுமதியற்ற வேகத்தடை, பொதுமக்கள் போட்டது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை. கிழக்கே கல்குவாரி விலக்கிலிருந்து மேற்கே பேருந்து நிலையம் வரை ஒன்றேகால் மைல் நீளமுள்ள அந்தச் சாலையில் நாளொன்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு டிப்பர்கள் ஜல்லி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வேகத்தடை கேட்டு ஆறு வருடம் மனுக் கொடுத்தவர்கள், அது எந்த வழியில் வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

அதையும் சேர்த்து நாலு வருடம் இரண்டு மாதத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக, பத்து மேடுகள் எழுந்தன. பதினொன்று என்று சொல்வார்கள், அது தவறு. அடிபட்ட கேபிள்காரர் மகனை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டாம் நாள் அங்கே இறந்தான். சாலையிலேயே இறந்தவர்களுக்குத்தான் மேடு வந்தது. இரண்டாவது மேடு பால்காரர் கருத்தக்கண்ணனுடையது. அவருக்கு இரண்டு மனைவிகள். மேட்டுக்கு வெள்ளையடிக்கும் உரிமை யாருக்கு என்று இருவரும் சாலை நடுவில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டு, கடைசியில் பாதிக்குப் பாதி அடித்துக்கொண்டார்கள். நாலாவது மேடு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியுடையது. அதன் நடுச் சாயல் மூன்றடி பத்து அங்குலம்தான், ஆனால் உயரம் மற்றதற்குக் கால் அங்குலமும் குறையவில்லை.

ஊர் அவற்றோடு பழகிக்கொண்டது. நடத்துநர்கள் "தையக்காரர் மேடு இறங்கு, பால்காரர் மேடு இறங்கு" என்று குரல் கொடுத்தார்கள், கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி சொல்லும்போது ஐந்தாம் மேட்டுக்கும் ஆறாம் மேட்டுக்கும் நடுவில் என்று அச்சடித்தார்கள், மார்கழியில் நாய்கள் சூட்டுக்காக மேட்டோரம் படுத்தன, மாசமாக இருக்கும் பெண்கள் பேருந்திலிருந்து இறங்கி மேட்டை நடந்து கடந்து மறுபடி ஏறிக்கொண்டார்கள், அதுவரை ஓட்டுநர் பொறுமையாக நின்றார். டிப்பர் ஓட்டுகிறவர்கள் மட்டும் டீக்கடையில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"மத்த ஊரு தடையில நம்ம பிரேக் போடுறோம்ணே. இங்க அதுவா வாங்கிக்கிடுது. ஏறி எறங்குனா வண்டி செத்த பாம்பா கெடக்கு. அரை மைல் போனாத்தான் உசுரு வருது."

"வாங்குனத எங்க வைக்கும்?"

"அத நீ எறங்கிக் கேளு."

பத்தாவது மேடு வீரணனுடையது. பேருந்து நிலையத்துக்குச் சற்று முன்னால் அவருக்குப் பஞ்சர் கடை. ஒரு மதியம் சாலையோரம் குந்தி வேன் சக்கரம் ஒன்றை லிவரால் நெம்பிக்கொண்டிருந்தபோது, ஷேர் ஆட்டோவை முந்திய டிப்பர் அவர் தலைமேல் ஏறியது. அவர் மனைவி ஒச்சம்மாள் கடைக்குள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள், போனாள், இரண்டு கையாலும் அள்ளவேண்டியதை அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டு திரும்பினாள். அப்போதும் தொட்டியில் குமிழி வந்துகொண்டேயிருந்தது. டிப்பர் நகர்மன்றத் தலைவர் குலசேகரனின் மச்சினனுடையது. வழக்கு நடந்தது, ஓட்டியவன் மாயழகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த தேர்தலில் ஒன்பதாம் வார்டில் ஒச்சம்மாள் நின்றாள். புறவழிச்சாலை வேண்டும் என்ற ஒரே பேச்சோடு நின்று ஜெயித்தாள். காலையில் மன்றத்துக்கு, மாலையில் பஞ்சர் கடைக்கு. கடை திறக்குமுன் வீரணன் மேட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அது சூடாக இருக்கும், அத்தோடு மாதத்துக்கு மாதம் அதிர்வு கூடிக்கொண்டிருந்தது, மூடிய அறையில் இன்ஜின் ஓடுவதுபோல. அவள் தொழிலில் அதற்குப் பொருள் ஒன்றுதான். அளவுக்குமேல் அடைபட்டிருக்கிறது.

அந்தப் பத்தாவது மேட்டுக்குப் பிறகு பத்தொன்பது மாதம் அந்தச் சாலையில் ஒரு உயிரும் போகவில்லை. டிப்பர்கள் மட்டும் நாளுக்கு ஆறு நடை போனது நாலு நடையாகக் குறைந்தது.

அந்த வருடக் கடைசிக் கூட்டத்தில் நாற்பத்தேழு பொருள்கள் இருந்தன. பன்னிரண்டாம் பொருள் புறவழிச்சாலை, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர் கையெழுத்திட்ட மனு. எங்கள் மன்றத்தில் பொருளைப் படிக்கும் வழக்கம் இல்லை. எழுத்தர் எண்ணை மட்டும் வாசிப்பார், பஜ்ஜி வரும், தலைவர் "ஆல் பாஸா?" என்பார், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், முடிந்தது. முந்தைய மன்றமும் அப்படித்தான், அதற்கு முந்தையதும் அப்படித்தான்.

ஒச்சம்மாள் எழுந்தாள். "தலைவரே, பன்னெண்டாம் பொருள வாசிக்கச் சொல்லுங்க."

"நேரமில்ல தங்கச்சி. அடுத்த வாரம் அமைச்சர் வர்றாரு, வணிக வளாகம் தெறப்பு. மொதல்ல கடை கண்ணி வரட்டும், அப்புறம் ரோட்டப் பாப்போம்."

"எட்டு வாட்டி ஒத்தி வச்சிட்டீக. இது ஒம்பது."

பதினாலாம் வார்டு பரமன் பஜ்ஜியை மென்றுகொண்டே சிரித்தார். "பைபாஸ் போட்டா ஒங் கடைக்கு எவன் பஞ்சருக்கு வருவான்? ஒம் பொழப்புல நீயே மண்ண அள்ளிப் போடுறியேத்தா."

"எம் புருசன் தலைய அள்ளுனவடா நான். மண்ணள்ளத் தெரியாதா?"

பரமன் அதற்கும் சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. அவள் முன்னாலிருந்த எவர்சில்வர் ஜக்கு அவர் நெற்றியில் போய் இறங்கியது. ரத்தம் கண்ணை மறைக்க அவர் எட்டிப் பிடித்தது பக்கத்து உறுப்பினரின் சட்டையை. அவர் திருப்பி அடித்தார். பழைய பகை உள்ளவர்கள் எல்லோரும் அதுதான் சமயம் என்று எழுந்தார்கள். ஏழு நாற்காலிகள், இரண்டு மைக்குகள், ஒரு மேசைக் கண்ணாடி. மூன்றாம் வார்டின் கட்டைவிரலை இருபதாம் வார்டு கடித்து, எலும்பு தெரிந்தது. குலசேகரன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. எல்லோரும் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார்.

"சரி தங்கச்சி. நீ செயிச்சுட்டே. பன்னெண்டாம் பொருள் அடுத்த கூட்டத்துல மொதப் பொருளா வரும், வரி விடாம வாசிக்கிறோம். எழுதிக்கங்க எழுத்தரே. மத்ததெல்லாம் ஆல் பாஸா?"

ஒன்பது முறையில் முதல் முறையாக அவளுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒச்சம்மாள் மேசையைத் தட்டினாள். இருபத்து நாலு பேரில் அவள் கைதான் பலமாகத் தட்டியது, டயர் தட்டிப் பழகிய கை.

மறுநாள் தீர்மான நகல் வந்தது. கடையில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். முப்பத்தொன்றாம் பொருள்: அமைச்சர் வருகையை முன்னிட்டுப் பிரதான சாலையிலுள்ள பத்துத் தடைகளையும் அகற்றித் தளத்தைச் சமன் செய்தல், ஏகமனதாக நிறைவேறியது. அவள் கையிலிருந்த டியூப் தொட்டிக்குள் நழுவி விழுந்தது.

பெரியவர்கள் கார் குலுங்கக்கூடாது என்று வேகத்தடையைச் செதுக்குவது எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாம் நடப்பதுதான். அவர்கள் போனபிறகு மறுபடி போட்டுக்கொள்வார்கள். மேடுகளுக்கும் அது பொருந்தும் என்று மன்றம் நினைத்தது, அல்லது நினைக்கவே இல்லை. அவள் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நிறுத்துங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் கெடக்காருன்னு மட்டும் சொல்லல. காத்தடைச்ச டியூப அருவாளால கீறுற வேல இது. பத்தொம்பது மாசம் அத்தன வண்டிகிட்டயும் வாங்கி வாங்கி உள்ள வச்சிருக்கு. கீறுனா ஊரு தாங்காது."

"நீயும் மேசையத் தட்டுனியே தங்கச்சி."

"தெரியாமத் தட்டிட்டேன்."

"தெரிஞ்சா எவன் தட்டுறான்?" என்றார் குலசேகரன். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். "ஏகமனதாப் போனத மாத்தணும்னா மூணு மாசம் கழியணும்னு விதி இருக்கு. அமைச்சர் புதன்கிழம வர்றாரு."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் குவாரி விலக்கில் ஜேசிபி வந்து நின்றது. கூடவே தலைவர் மச்சினனின் டிப்பர் ஒன்று, செதுக்கியதை அள்ள. ஓட்டுவது மாயழகு. முப்பத்தெட்டு போலீஸ்காரர்கள். பேருந்து நிலைய வாசலில், மறுநாள் வரவேற்புக்கு ஒத்திகையாக, பள்ளிப் பிள்ளைகள் நூற்று நாற்பது பேரைக் காகிதக் கொடியோடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

காதர் மைதீன் மகள் முதல் மேட்டின்மேல் நின்றாள். இரண்டு பெண் போலீஸ் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள், முடி கையோடு வந்தது. கல் விழுந்தது, தடி விழுந்தது. பால்காரரின் இரண்டு மனைவிகள், வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், ஒன்றாக ஜேசிபியில் ஏறி ஓட்டுநரின் காதையும் தோளையும் கடித்தார்கள். நாலாவது மேட்டைக் கட்டிக்கொண்டு கிடந்த தகப்பனின் விரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்து மிதித்துப் பிரித்தார்கள். காயம்பட்டவர்கள் நாற்பத்தொரு பேர். ஆனால் மேடுகள் எதிர்க்கவில்லை. வாழைப்பட்டை உரிவதுபோல வாளிக்கு வாகாக உரிந்து வந்தன. உள்ளே ஈரக் கறுப்பாக, ஆவி பறந்தது. ஒன்பது மேடுகளும் ஒரே டிப்பரில் அடங்கின.

பதினொன்றரை மணிக்குப் பத்தாவது மேட்டுக்கு வந்தார்கள். ஒச்சம்மாள் அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தாள், கையில் வீரணன் கடைசியாகப் பிடித்திருந்த லிவர். நாலு போலீஸ்காரிகள் கையையும் காலையும் பிடித்தார்கள். ஒருத்தியின் முன்பல் போனது. ஒச்சம்மாளின் இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எதிர்க் கடை வரை கேட்டது. குலசேகரன் குடைபிடித்து ஜேசிபி ஓரம் நின்றார், பரமன் நெற்றிக் கட்டோடு பக்கத்தில் நின்றார்.

"பாத்தியா தங்கச்சி, ஒம்போது எடுத்தாச்சு. ஒண்ணும் வெடிக்கலையே."

"தரையில இல்லண்ணே," என்று அவள் கத்தினாள். "லாரிக்குள்ள பாருங்க! லாரிக்குள்ள பாருங்க!"

முந்நூறு அடி கிழக்கே, ஒன்பதாவது மேடு இருந்த இடத்தில் நின்ற டிப்பர் நடுங்கிக்கொண்டிருந்தது. மாயழகு ஜன்னலில் தலையை நீட்டி, "யண்ணே, வண்டி கியர்லயே இல்லண்ணே!" என்றான். அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

பத்தொன்பது மாதம் அந்தச் சாலையில் குறைந்த வேகமெல்லாம் ஒன்றாக அந்த வண்டியில் இருந்தது. அது புறப்பட்டதை யாரும் பார்க்கவில்லை, வந்துவிட்டதைத்தான் பார்த்தார்கள். இரண்டு பக்கக் கடைகளின் ஷட்டர்கள் காகிதமாகக் கிழிந்து அதன் பின்னால் பறந்தன. ஜேசிபி பொம்மைபோல எழும்பிப்போய் வணிக வளாகத்தின் புது வளைவில் தொங்கியது, கடிபட்ட ஓட்டுநர் அதிலேயே மயங்கிக் கிடந்தார், பிழைத்தார். குலசேகரனும் பரமனும் நின்ற இடத்தில் குடைமட்டும் சற்று நேரம் சுழன்றுகொண்டிருந்தது. போலீஸ்காரிகள் ஒச்சம்மாளைப் போட்டுவிட்டுச் சிதறியிருந்தார்கள். அவள் உருண்டுபோய் மேட்டின் ஓரத்தில், ஒடியாத கையை அதன்மேல் வைத்தபடி கிடந்தாள்.

டிப்பரின் முன்சக்கரம் வீரணன் மேட்டைத் தொட்டது. தொட்ட இடத்தில், எருமை குளத்தில் இறங்குவதுபோல நிதானமாக அசைந்து, ஏறி, நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் மாயழகின் கழுத்து முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. வண்டிக்கும் பிள்ளைகளின் முதல் வரிசைக்கும் நடுவே பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம்தான். முதல் வரிசையில் ஒரு பிள்ளை, ஆட்டச் சொன்னதை யாரும் நிறுத்தச் சொல்லாததால், கொடியை ஆட்டிக்கொண்டே நின்றது.

மேடு வீங்கியது. ஒன்பது அங்குலம் இரண்டடி ஏழு அங்குலமானது. தெருவிலிருந்த பாத்திரமெல்லாம் கிணுகிணுத்தன, தார் வெடித்து மயிரிழைக் கோடுகள் ஓடின. பொறியாளர் டேப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். ஒச்சம்மாள் அவரிடம் பிள்ளைகளை விலக்கச் சொன்னாள், தெருவைக் காலிசெய்யச் சொன்னாள். ஒடிந்த கையைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு குந்தினாள்.

"என்னம்மா செய்யப்போறீங்க?"

"காத்தெறக்கப் போறேன். ஒரேயடியா விட்டா ஊரு போயிரும். ஊசித் துளையாப் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமா விடணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"எத்தன வண்டி நின்னு போச்சுன்னு ஒங்க நோட்டுல இருக்கா? அம்புட்டு நேரம்."

பொறியாளர் தயங்கினார். "விட்டா மேடு இருக்காதேம்மா."

அவள் லிவரின் நுனியைப் பார்த்து வைத்து, சுத்தியலை எடுக்க இன்னொரு கை இல்லாததால், லிவரின் தலையைக் குதிகாலால் உதைத்து இறக்கினாள்.

பதினொரு நாள் ஆனது. துளையைக் குவாரிப் பக்கம் பார்க்கப் போட்டிருந்ததால், போன வேகமெல்லாம் சாலை நெடுகக் கிழக்கே போயிற்று. முதல் நாள் புளியமரங்கள் ஆறு வேரோடு சாய்ந்தன. இரண்டாம் நாள் விலக்கிலிருந்த எடைமேடைக் கட்டடம் தரையோடு போனது, அங்கே ஆளில்லை. துளை பெரிதாகிவிடாமல் அவள் விரலால் அடைத்து அடைத்துத் திறந்தாள். நாலாம் நாள் சுண்டுவிரல் போனது, ஏழாம் நாள் மோதிரவிரல். ரப்பர் ஒட்டுப் பசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். பால்காரரின் மனைவிகள் முறைவைத்துச் சோறு ஊட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, பேருந்து நிலையத்தைத் தாண்டிச் சாலையில் உடல்களைக் கிடத்தியிருந்த இடத்தில், மூன்று மேடுகள் புதிதாக எழுந்தன, தலைவருக்கு, பரமனுக்கு, மாயழகுக்கு. ஒச்சம்மாள் இருந்த இடத்திலிருந்தே அவற்றைப் பார்த்தாள். "மூணுக்கும் வெள்ளையடிங்க. கண்ணுக்குத் தெரியணும்ல," என்றாள். அடித்தார்கள்.

பதினோராம் நாள் சாயங்காலம் வீரணன் கிடந்த இடம் தரையோடு தரையாக இருந்தது. முப்பத்தொன்றாம் பொருள், ஒச்சம்மாள் கையாலேயே, முழுமையாக நிறைவேறியது. கடைத் தொட்டியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து துளையின்மேல் ஊற்றினாள். குனிந்து பார்த்தாள். ஒரு குமிழியும் வரவில்லை. அதன்பிறகுதான் அவள் அழுததாகச் சொல்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். துணைத்தலைவர் பழக்கத்தில் "ஆல்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். எல்லோர் கையும் மேசைக்குக் கீழே இருந்தது. எழுத்தர் முப்பத்தெட்டுப் பொருளையும் வரி விடாமல் வாசித்தார், ஆறு மணி நேரம் ஆனது, பஜ்ஜி ஆறிப்போனது. முதல் பொருளாகப் புறவழிச்சாலை வந்தபோது கை தூக்கச் சொன்னார்கள். ஒச்சம்மாளின் மூன்று விரல் கையையும் சேர்த்து இருபத்திரண்டு. நிலம் எடுத்து, அளந்து, சாலை போட்டு முடிக்க நாலு வருடம் ஆகும் என்று பொறியாளர் சொன்னார்.

அந்த நாலு வருடம் இன்னும் முடியவில்லை. பேருந்து நிலையத்துக்கு முன்னால் சாலை இப்போது வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடத்துநர்கள் "வீரணன் மேடு இறங்கு" என்கிறார்கள், வெறுந்தரையில் வண்டிகள் கியரைக் குறைத்து ஊர்ந்து போகின்றன, ஓட்டுநர்கள் உடம்பைக்கூட ஒருமுறை குலுக்கிக்கொள்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு டிப்பர்களில் இருநூற்றுப் பதினொன்று அப்படித்தான் போகும். தினமும் ஒன்று தப்பும், புது ஆள், வெளியூர் ஆள். அதன் சத்தம் கிழக்கே கேட்கும்போதே ஒச்சம்மாள் டியூபைத் தொட்டியில் போட்டுவிட்டு, லிவரை எடுத்துக்கொண்டு சாலை நடுவில் போய் நிற்பாள். பிரேக் பிடித்து நின்றால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒதுங்கி ஓட்டப் பார்த்தால் முன்கண்ணாடி போகும்.

இதுவரை பதினேழு கண்ணாடிகள். சாட்சி சொல்ல ஊரில் ஒருவர்கூட இல்லை.